கல்லூரி மாற நினைக்கும் கட்டடக்கலைப் பிள்ளைகள்: ஒரு ஸ்டுடியோ ஆசிரியையின் நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

சென்னையில் பி.ஆர்க் என்ற ஐந்து வருடக் கட்டடக்கலைப் படிப்பில் இரண்டு வருடம் முடித்த ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். மூன்றாம் வருடத்துக்கு எங்கள் கல்லூரியில் சேர முடியுமா என்று கேட்டார்கள். ஊர் சோமனூர் பக்கம், வீட்டில் விசைத்தறி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வீட்டிலிருந்தே போய்வரும்படி ஒரு கல்லூரி வேண்டும்.

எட்டு மதிப்பெண் பட்டியல் கேட்டாலும் எடுத்து நீட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார் அப்பா. "எல்லாம் பாஸுதானுங்க மேடம். அப்புறம் என்னத்தைங்க பாக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. பொறுமையாகச் சொன்னேன். ஒரு பிரிவுக்கு 40 பேர் என்று, கட்டடக்கலைப் படிப்பை ஒழுங்குபடுத்தும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அனுமதி கொடுத்திருந்தால், அதில் யாராவது விலகிய இடம் இருந்தால்தான் வெளியிலிருந்து ஒருவரைச் சேர்க்க முடியும். எங்கள் மூன்றாம் வருடத்தில் இடம் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு கல்லூரி முதல்வர்களின் என்ஓசி (ஆட்சேபமில்லை என்ற சான்று), மேலிடத்து ஒப்புதல், பல்கலைக்கழக உத்தரவு என்று வரிசையாக வரவேண்டும். பி.ஆர்க் நுழைவுத்தேர்வான நாட்டாவின் மதிப்பெண் அட்டையும் வேண்டும். முதலில் சேர்ந்ததே முறையான சேர்க்கைதான் என்பதற்கு அது சாட்சி.

கிளம்பும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: உத்தரவு கையில் வரும்வரை பழைய கல்லூரியில் டிசி வாங்காதீர்கள். டிசி வாங்கிவிட்டு, இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் ஒரு வருடத்தைத் தொலைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

9 ஜூலை, புதன்

இன்று முழுக்கப் பாடத்திட்ட ஒப்பீடு. அந்தப் பெண்ணின் பழைய கல்லூரி தன்னாட்சி, அதனால் பாடத்திட்டம் வேறு. கட்டுமானம், ஸ்ட்ரக்சர், வரலாறு எல்லாம் பெரும்பாலும் பொருந்திவிட்டன. கட்டடத்தை வடிவமைத்து வரையும் வகுப்பான டிசைன் ஸ்டுடியோவில்தான் சிக்கல். இரண்டு கல்லூரியிலும் நான்காம் பருவத்தில் "ஆர்க்கிடெக்சுரல் டிசைன்" என்றுதான் இருக்கிறது. ஆனால் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு செய்திருக்கிறார்கள், இங்கே கிராம ஆய்வு.

எங்கள் பிள்ளைகள் அந்தப் பருவத்தில் சென்னிமலைக்குப் போய் நெசவாளர் வீடுகளை அளந்து வரைவார்கள். முன்கட்டிலேயே தறிக்குழி இருக்கும். தறியைத் தரையோடு வைத்து, நெய்பவர் குழிக்குள் கால் வைத்து மிதிப்பார். குழியின் ஈரப்பதத்தில் பருத்தி நூல் அவ்வளவாக அறாது. வெளிச்சம் எந்தப் பக்கம் வரவேண்டும், பாவு (நீளவாட்டு நூல்) போட எவ்வளவு நீளம் வேண்டும், சமையல் புகை நூலில் படியாமல் எப்படி விலக்கினார்கள் என்று அங்கே கற்றுக்கொள்வதை ஐந்தாம் பருவத்தில் பெரிய கட்டடத்துக்குப் பயன்படுத்துகிறோம். அது இல்லாமல் நேராக ஐந்தில் உட்கார்ந்தால் பிள்ளை திணறும். மதிப்பெண் பட்டியலில் இது எதுவும் தெரியாது.

அதனால் ஸ்டுடியோவில் வரைந்த ஷீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. விடுதியைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டாளாம். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? வைத்துக்கொள் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. போனில் எடுத்த படங்கள், கணினியில் இருக்கும் கோப்புகள், தோழிகளிடம் இருக்கும் மாடல் படங்கள் எல்லாவற்றையும் திரட்டச் சொன்னேன்.

இதைப் படிக்கும் ஆர்க்கிடெக்சர், டிசைன் பிள்ளைகளே, கெஞ்சிக் கேட்கிறேன். முதல் பருவத்தின் முதல் கோட்டிலிருந்து ஸ்கேன் செய்து தேதியோடு வையுங்கள். தோற்றுப்போன டிசைனையும் வையுங்கள். நீங்கள் எந்த ஸ்டுடியோவில் உட்காரத் தகுதியானவர் என்று உங்களைத் தெரியாத ஒருவருக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

12 ஜூலை, சனி

எங்கள் கல்லூரிப் பையன் ஒருவனுக்கு மூன்றாம் பருவ டிசைன் போய்விட்டது. வீட்டில் அண்ணன் பி.இ. "அரியர்தானே, அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தத் தவறான நம்பிக்கையால் வீணாகும் வருடங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

டிசைன், ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுக் காலையில் மூன்று மணி நேரத்தில் எழுதித் தேறுகிற பாடம் இல்லை. வாரா வாரம் ஆசிரியரிடம் வரைபடத்தைக் காட்டி, திருத்தி, இடையில் ஜூரிக்கு (வேலையைப் பார்த்து மதிப்பிடும் குழுவுக்கு) முன்னால் நின்று, கடைசியில் வெளியாள் முன்னால் வைவா (வாய்மொழித் தேர்வு) கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணில் பெரிய பங்கு இந்த வாராந்திர உழைப்புக்கே போகிறது. ஆகவே போன ஸ்டுடியோவை, அது மறுபடி நடத்தப்படும் பருவத்தில் உட்கார்ந்து திரும்பச் செய்ய வேண்டும். எங்கள் கல்லூரியில் மூன்றாம் பருவ ஸ்டுடியோ ஒற்றைப்படைப் பருவத்தில்தான் நடக்கும். அது முடியாமல் ஐந்துக்குப் போக முடியாது. முன்னது நிலுவையில் இருந்தால் கடைசி வருடத் தீசிஸும் தள்ளிப்போகும்.

பையனிடம் காரணம் கேட்டேன். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கிறது. ஈரோடு மார்க்கெட்டில் அப்பாவுக்கு உதவ, மஞ்சள் வரத்து அதிகமான வாரங்களில் லீவு போட்டிருக்கிறான். இனி அந்த மாதிரி வாரத்தில் முன்கூட்டியே எங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பேசி முடித்தோம். இந்தப் பருவத்தில் இரண்டாம் வருடப் பிள்ளைகளோடு அதே ஸ்டுடியோவில் உட்காருகிறான்.

18 ஜூலை, வெள்ளி

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த பையன். பி.இ. சிவிலில் நேரடி இரண்டாம் வருடம் கிடைக்கிறதே, பி.ஆர்க்கில் கிடைக்காதா என்றான். கிடைக்காது. கணிதம் படித்த மூன்று வருட டிப்ளமோ, பி.ஆர்க்கில் சேரத் தகுதிதான். ஆனால் நாட்டா எழுதி முதல் வருடத்தில்தான் சேர வேண்டும். ஐந்து வருடம் என்பது ஐந்து வருடம்தான். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சிலில் பதிந்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். குறுக்குவழியில் வாங்கிய பட்டத்தோடு பதிவுக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாராவது "இரண்டாம் வருடத்தில் சேர்த்துவிடுகிறேன்" என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

24 ஜூலை, வியாழன்

நான்காம் பருவம் முடித்த ஒருத்தி, அமெரிக்காவில் இருக்கும் மாமா வீட்டில் தங்கி மீதியை அங்கே படிக்க ஆசைப்படுகிறாள். அங்கே கட்டடக்கலைப் பட்டங்களுக்கு அங்கீகாரம் தருவது நாப் என்ற அமைப்பு, 1940இலிருந்து இருக்கிறது. பி.ஆர்க் பட்டத்துக்குக் குறைந்தது 150 செமஸ்டர் கிரெடிட் என்பது அவர்கள் கணக்கு. இங்கே முடித்த கணிதம், பொதுப் பாடங்களுக்குக் கிரெடிட் கிடைக்கலாம். ஸ்டுடியோவுக்குப் பெரும்பாலும் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) பார்த்துத்தான் எந்த வருடம் என்று முடிவு செய்வார்கள். இரண்டு வருடம் படித்தவரை முதல் வருட ஸ்டுடியோவில் உட்காரச் சொல்வதும் உண்டு.

சேரும் கல்லூரியின் அந்தக் குறிப்பிட்ட பட்டம் நாப் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்கச் சொன்னேன். ஒரே கல்லூரியில் அங்கீகாரம் உள்ள பி.ஆர்க்கும், அங்கீகாரம் இல்லாத நான்கு வருடப் பட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். என் அபிப்பிராயம் கேட்டாள். பி.ஆர்க்கை இங்கேயே முடித்துவிட்டு முதுகலைக்குப் போ என்றேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு, ஆடி 18

பவானிக் கூடுதுறையில் ஒரே கூட்டம். கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சோமனூர்ப் பெண் தன் வேலைகளை அனுப்பியிருக்கிறாள். நன்றாகவே இருக்கின்றன. குடியிருப்புத் திட்டத்தில் காற்றோட்டத்துக்கு நடுவில் ஒரு முற்றம் விட்டிருக்கிறாள். நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டை மனதில் வைத்துத்தான் போட்டிருப்பாள் என்று தோன்றியது.

6 ஆகஸ்ட், புதன்

உத்தரவு வந்துவிட்டது. ஐந்தாம் பருவத்தில் சேர்க்கலாம். நாங்கள் கேட்டபடியே கிராம ஆய்வையும் இன்னொரு தியரிப் பாடத்தையும் கூடுதலாக முடிக்க வேண்டும். அங்கே நான்கு பருவம் படித்த கிரெடிட் வீணாகவில்லை.

இவள் சரியான நேரத்தில் வந்தாள். ஒரு பருவம் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும், அது எந்தப் பருவம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. அதைத் தாண்டிவிட்டு மாறினால், செய்த பயிற்சியோடு விட்டுப்போன பாடங்களும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். மாற நினைப்பவர்கள் இரண்டாம் வருட முடிவுக்குள் முடிவெடுப்பது நல்லது.

அப்பாவிடம் இன்னும் சில வேலைகளைச் சொன்னேன். முதல் பட்டதாரி சலுகை தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் நிற்காமல் வர, யூமிஸ் எண்ணில் (மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்) கல்லூரி பெயரை மாற்ற வேண்டும். அதை எங்கள் அலுவலகத்திலேயே செய்துவிடலாம். "செரிங்க மேடம், இப்ப டிசி வாங்கிக்கலாமுங்களா?" என்றார். இப்போது வாங்கலாம்.

வகுப்பு தொடங்கி நாளாகிவிட்டதால் இனி அவளால் லீவு எடுக்க முடியாது. சனிக்கிழமை வகுப்புத் தோழிகள் இரண்டு பேரோடு சென்னிமலைக்குப் போகிறாள். துறைக் கடிதமும் அளவு நாடாவும் கொடுத்துவிட்டேன். தறிக்குழியின் குறுக்குவெட்டு 1:20 அளவில் வேண்டும். செப்டம்பர் முதல் வாரம் ஜூரி.