அம்மாவின் கால்பலகை: இரண்டாம் வடிவம்

அம்மாவின் உயரம் நான்கு அடி ஒன்பது அங்குலம். எங்கள் காரின் முன் இருக்கையில் அமர்ந்தால் பாதம் தரையைத் தொட ஏழு செ.மீ. குறைகிறது. சேலத்துக்குள் சுற்றும்வரை அது தெரிவதில்லை. பெரியம்மாவைப் பார்க்க ஏற்காடு போகும் நாளில்தான் வம்பு. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கால் ஊன்ற இடமில்லாமல், அடிவாரம் வந்து சேரும்போது அவருக்குத் தொடை மரத்துப்போயிருக்கும்.

முதலில் செய்த பலகையைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். 12 மி.மீ. ப்ளைவுட் இரண்டு துண்டு, ஓரத்தில் நீளக் கீல், பக்கவாட்டில் நீளத் துளை போட்ட இரும்புப் பட்டை. பட்டர்ஃபிளை நட்டைத் திருகினால் எந்தச் சாய்விலும் நிற்கும். கூடத்தில் நாற்காலி போட்டுச் சோதித்தபோது அசையவில்லை. மலை ஏறும்போதும் அசையவில்லை. ஏற்றத்தில் உடம்பு முதுகுப்பக்கம் அழுந்துகிறது, காலுக்கு வேலை குறைவு. இறக்கத்தில் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் உடம்பு முன்னால் சரிகிறது, அந்தப் பாரம் அப்படியே பலகையில் இறங்குகிறது. மேலிருந்து நான்காவது வளைவில் நட் நழுவி, பலகை படாரென்று படுத்துக்கொண்டது.

“ஏன் கண்ணு, இது எனக்குச் செய்ததா, உன் விளையாட்டுக்கா?” என்றார் அம்மா.

வெறும் உராய்வை நம்பிய பிடி அது. விரலால் இறுக்கிய நட்டு வேறெப்படி நிற்கும்? விடை வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது: தாத்தாவின் ஈஸி சேர். அதன் முட்டுக்கட்டையை யாரும் இறுக்குவதில்லை. அது பள்ளத்தில் விழுந்து நிற்கிறது. பாரம் கூடினால் இன்னும் நன்றாக உட்காருகிறது.

அதையே இங்கே கொண்டுவந்தேன். கீல் இருக்கைப் பக்கம். அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி, மேல்பலகையின் அடியில் 14 செ.மீ. முட்டு. அதன் கால் விழுவதற்கு அடிப்பலகையில் 22, 26, 30 செ.மீ. தூரத்தில் மூன்று பள்ளங்கள். சாய்வு முறையே 39, 32, 23 டிகிரி வருகிறது. உளியால் வெட்டியபோது ப்ளைவுட் அடுக்கு பிய்ந்ததால், வெல்டிங் பட்டறையில் இரும்பு ஆங்கிள் துண்டுகள் மூன்று வாங்கித் திருகிவிட்டேன். அடியில் 5 செ.மீ. ரீப்பர் கட்டைகள், குதிகாலுக்கு ஏழரை செ.மீ. கிடைத்தது. அடிப்பலகையின் முன் ஓரம் காரின் தரை மேலேறும் சரிவில் முட்டி நிற்கிறது. போதாதென்று இருக்கையின் அடிக்கம்பியோடு ஒரு பட்டையால் கட்டியும் இருக்கிறேன். பிரேக் பெடல் பக்கம் இது உருண்டுவிடக் கூடாது.

இன்னும் கொஞ்சம் உயர்த்தித் தரும்படி அம்மா கேட்டார். மறுத்துவிட்டேன். முழங்கால் டேஷ்போர்டை நெருங்கக் கூடாது. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பில் படிய வேண்டும், வயிற்றுக்கு ஏறக் கூடாது. பலகையோடும் பலகையில்லாமலும் உட்காரவைத்து இரண்டையும் பார்த்த பிறகுதான் உயரத்தை முடிவு செய்தேன்.

சென்ற ஞாயிறு மறுபடி ஏற்காடு. ஏற்றத்துக்கு 23 டிகிரி. திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, முட்டுக்கட்டையைத் தூக்கி 39க்கு மாற்றினேன்; பத்து விநாடிகூட ஆகவில்லை. இருபது வளைவிலும் அசையவில்லை. பதினைந்தாவது வளைவுக்குப் பிறகு அம்மா தூங்கியே போனார்.

ஒரு குறை மீதி இருக்கிறது. அம்மா இல்லாமல் தனியாக ஓட்டும்போது முட்டு பள்ளத்துக்குள் கடகடவென்று ஆடுகிறது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியதில் சத்தம் பாதியாகியிருக்கிறது.