பாதியில் விட்டுப்போன கான்ட்ராக்டரிடம் பணத்தைத் திரும்ப வாங்கியது

போன வாரம் ஒரு லட்ச ரூபாய் என் கணக்குக்குத் திரும்ப வந்தது. வீட்டு வேலைக்குக் கொடுத்த பணத்தைக் கான்ட்ராக்டரிடமிருந்து மீட்டவர்களை எனக்குத் தெரிந்த வட்டத்தில் பார்த்ததில்லை. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மதுரை வில்லாபுரத்தில் அம்மாவின் மாடி வீடு. கட்டி முப்பது வருடம் தாண்டிவிட்டது. மொட்டை மாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகத் தளம் போடுவது, மாடி பாத்ரூமை முழுதாக மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. மெட்டீரியலோடு 4,80,000 ரூபாய். கான்ட்ராக்டரின் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம், பணம் எல்லாம் வங்கி வழியாகவே கொடுத்தோம். ஆவணியில் தொடங்கி, உடைக்கிற வேலை மளமளவென்று முடிந்தது. உடைப்பது யாருக்கும் வேகமாகத்தான் வரும். அதை வைத்து ஆளை எடை போடாதீர்கள்.

முதல் உரசல் பாத்ரூமில் வந்தது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். "கெமிக்கல் ரெண்டு கோட்டிங் அடிச்சாச்சு சார், சொட்டு இறங்காது" என்றார். விடவில்லை. தண்ணீர் வெளியேறும் டிராப்பை நானே துணி வைத்து அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். மறுநாள் காலை தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. கீழே சமையலறை உத்தரத்தில், பைப் இறங்கும் இடத்தைச் சுற்றித் தட்டு அகலத்துக்கு ஈரம். பைப்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அடைக்காமலே மேலே பெயிண்ட் மாதிரி அடித்துவிட்டிருந்தார்கள். சுவரிலும் ஒரு அடி உயரத்துக்காவது கோட்டிங் ஏற வேண்டும். அதுவும் இல்லை. டைல்ஸ் ஒட்டியிருந்தால் அத்தனையும் மறைந்துபோயிருக்கும். யார் எந்த கம்பெனி கெமிக்கல் அடித்தாலும் சரி, தண்ணீர் கட்டி ஒரு முழு நாளாவது பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள்.

அதற்குப் பிறகு ஆள் வரத்து குறைந்தது. ஒரு நாள் கொத்தனார் வந்தால் சித்தாள் வரமாட்டார், சித்தாள் வந்தால் மணல் இருக்காது. ஆயுத பூஜை வந்தது, ஊரில் கோயில் கொடை வந்தது, பிறகு தீபாவளிக்கு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த தவணையையும் கேட்டார். அவர் எழுதித் தந்த கணக்கில் ஒவ்வொரு தவணையும் அந்தந்த வேலை தொடங்கும்போது என்றுதான் இருந்தது. ஆக 3,20,000 போய்விட்டது. தீபாவளி முடிந்து ஒருவரும் வரவில்லை. போன் அடித்தால் "நாளைக்குக் கண்டிப்பா சார்" என்றார், அப்புறம் அதையும் எடுப்பதில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தளம் பெயர்த்த மொட்டை மாடியில் தார்ப்பாயை விரித்துச் செங்கல் வைத்து அமுக்கினோம். அப்படியும் அம்மா படுக்கும் அறையில் ஒழுகியது. எழுபது வயதில் அவர் கட்டிலை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பினார்கள். லெட்டர்பேடில் இருந்த விலாசத்தைத் தேடித் திருமங்கலம் போனேன். அங்கே செல்போன் கடை இருக்கிறது. அவர் காலி செய்து வெகுநாள் ஆகிவிட்டதாம். ஆபீஸ் விலாசத்தை நம்பவே நம்பாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே ஆதார் நகலும் வீட்டு விலாசமும் வாங்கிவிடுங்கள். நல்ல கான்ட்ராக்டர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வீட்டு விலாசம் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். சிமெண்ட் கடைக்காரர் பாக்கி கேட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் பெயரைச் சொல்லிக் கடனில் மூட்டைகளை எடுத்திருக்கிறார் இந்த மனிதர். அதில் பாதிக்கு மேல் எங்கள் வாசலையே பார்த்ததில்லை. பேங்க் ரசீதுகளையும் ஒப்பந்தத்தையும் காட்டியபின் கடைக்காரர் புரிந்துகொண்டார். "எனக்கு மட்டும் இல்ல தம்பி, நாலு கடைக்குப் பாக்கி" என்று சொல்லி வீட்டு விலாசத்தை அவரே எழுதிக் கொடுத்தார். வேலை தொடங்கும்போதே பக்கத்துக் கடைகளில் 'எங்கள் பெயரில் கடன் கொடுக்க வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து செய்ததுதான் பலன் கொடுத்தது. வேறு ஆளை வைத்து வேலையைத் தொடரும் முன், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து நடந்த வேலையை அளக்கச் சொன்னேன். அவர் டேப்பைப் பிடித்து அளந்து, போட்டோ எடுத்து, இதுவரை நடந்த வேலையின் மதிப்பு 1,70,000 என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புதுக் கொத்தனார் கை வைத்துவிட்டால் பழையது எது, புதியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த அறிக்கையை இணைத்து, மீதி 1,50,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

முதல் நோட்டீஸ் வாங்க மறுத்ததாகத் திரும்பி வந்தது. வக்கீல் அந்தக் கவரைப் பிரிக்கவே விடவில்லை. முத்திரையோடு அப்படியே வைத்திருந்தால் அதுவே சாட்சி என்றார். அதே நோட்டீஸை வாட்ஸப்பிலும் அனுப்பினோம். நீல டிக் விழுந்த அன்று மாலையே போன் வந்தது. அத்தனை நாள் எடுக்காத போன்!

உறவுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "கோர்ட்டு கேஸெல்லாம் எதுக்கு சார், வேலையை முடிச்சுத் தர்றேன்" என்றார். எனக்கு முன்னால் அம்மா பதில் சொன்னார்: "வேலை வேணாம்ப்பா, காசைத் திருப்பிக் குடுத்துரு." பின்தேதியிட்ட செக் நீட்டினார், வாங்கவில்லை. கணக்கில் போட்டால்தான் பேச்சு என்று நின்றோம். ஒரு லட்சம் வந்தது. மீதி ஐம்பதாயிரத்தைத் தை மாதத்துக்குள் தருவதாக, பொறியாளர் போட்ட கணக்கை ஒப்புக்கொண்டு, இரண்டு சாட்சிகளோடு எழுதி வாங்கியிருக்கிறேன்.

இப்போது வேறொரு கொத்தனார் அண்ணன் மாடியில் வேலை பார்க்கிறார். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, மழைநீர் பைப்பை நோக்கி வாட்டம் பார்த்துத் தளம் போட்டுக் காட்டியபிறகே கூலி கேட்கிறார். ஒவ்வொரு வேலையும் முடிந்து, தண்ணீர் விட்டுப் பார்த்தபின் பணம் என்று அவரோடு எழுதியிருக்கிறோம், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். நுகர்வோர் ஆணையத்துக்கான புகாரும் தயாராக இருக்கிறது. தை முடிந்தும் ஐம்பதாயிரம் வராவிட்டால் மாசி முதல் வாரத்தில் தாக்கல் செய்துவிடுவேன்.