கைப்பிடி அரிசி

ஜூன் 1, 2023, வியாழன்

நேற்றோடு எங்க வீட்டுக்காரங்க வேலை முடிந்தது. 13 வருஷம் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை. தவணை கட்டாத வீட்டு வாசலில் நின்று, உள்ளே பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் போட வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் அப்படி ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தவங்க, வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளே வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐடிஐ படித்தவங்க, சமாதானபுரத்தில் சின்னதாக ஒரு கடை பிடித்திருக்கிறார்கள். மோட்டார் காயில் கட்டப் போகிறார்கள்.

கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் 22,560. பாங்கில் இருப்பது 38,400. "கர்த்தர் பாத்துக்கிடுவாருளா" என்றார்கள் அத்தை. ஆமென் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

உலைக்கு அரிசி அளக்கும்போது வழக்கம்போல ஒரு பிடி எடுத்து, சபைக்குக் கொடுக்க வைத்திருக்கும் கோயில் டின்னில் போட்டேன். பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவ வீடுகளில் ஆச்சி காலத்திலிருந்து இருக்கிற பழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நேரமும் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 12, திங்கள்

வெயிலுக்காக இரண்டு தடவை தள்ளிப்போன பள்ளிக்கூடம் இன்று பெரியவளுக்குத் திறந்தது. சின்னவனுக்குப் புதன்கிழமை. இரண்டு பேருக்கும் முதல் தவணை 14,500.

ஜூலை 5, புதன்

தக்காளி கிலோ நூறைத் தாண்டிவிட்டது. சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுக்கிறார்களாம். நமக்குப் புளி இருக்கிறது.

ஜூன் மாதக் கடை வரும்படி, செப்புக் கம்பிச் செலவு போக, 4,300. அதில் பத்தில் ஒரு பங்கு, 430-ஐ, அவங்க காணிக்கைக் கவரில் போட்டு ஒட்டினாங்க. மே மாதம் வரை அதே கவரில் 2,256 போகும். அப்போது ஒருநாளும் வலித்ததில்லை. இந்த 430 வலிக்கிறது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இன்னும் வரவில்லை. அடிப்படைச் சம்பளம் 12,000. அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 13 வருஷத்தால் பெருக்கினால் சரியாக 90,000. முப்பது நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டால் "ஹெட் ஆபீஸ்ல இருந்து வரணும்" என்கிறார்கள். மே மாதச் சம்பளமும் அதோடுதானாம்.

அத்தைக்கு இதைத் திரும்பத் திரும்பக் கேட்பது பிடிக்கவில்லை. "டோனாவூர் அம்மா யார்ட்டயாவது கை நீட்டினாவளா? அத்தனை பிள்ளையள வளக்கலியா?" ஏமி கார்மைக்கேல் அம்மாவைத்தான் சொல்கிறார்கள். இங்கே களக்காட்டுப் பக்கம் அத்தனை பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். பணம் வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது இனாம் கேட்பதில்லை என்பது, அத்தை. இது 13 வருஷம் உழைத்த கூலி. கூலிக்காரன் கூலியைச் சாயங்காலத்துக்குமேல் வைத்துக்கொள்ளாதே என்றுதானே வேதத்திலும் இருக்கிறது?

ராத்திரி ஜெபம் முடிந்ததும் நானே விண்ணப்பத்தை எழுதினேன். அவங்க கையெழுத்துப் போட்டாங்க. நாளைக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

ஜூலை 24, திங்கள்

மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகைக்கு முகாம் தொடங்கிவிட்டது. தெருவில் எல்லோரும் போகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். போன வருஷச் சம்பளம் பிடித்தம் போகாமல் 2,88,000. இப்போது சம்பளமே இல்லை, ஆனால் காகிதத்தில் நாங்கள் வசதிக்காரர்கள். பக்கத்து வீட்டு அக்கா "சும்மா எழுதிக் குடு, யாரு பாக்கா" என்றாள். ஒரு மணி நேரம் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் சங்கடம்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கர்நாடகப் பொன்னி மூட்டை இன்று காலையோடு தீர்ந்தது. இனி ரேஷன் அரிசி. இதுவரை இட்லிக்கு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன். ஜூனிலேயே அந்த அக்காவை நிறுத்தியாயிற்று.

மத்தியானம் அரிசி அளந்து, பிடி எடுத்து, டின்னுக்கு மேலே கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. தடித்த அரிசி, லேசான மூட்டை வாசம், நடுநடுவே சத்துச் சேர்த்துச் செறிவூட்டின அரிசி என்று நூற்றுக்கு ஒன்றாகக் கலக்கிறார்களே, வெள்ளை வெளேரென்று, அது வேறு. அத்தை அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடுவார்கள். ஊனமுள்ளதைப் பலியிடக் கூடாது என்று வேதத்தின் மல்கியா புத்தகத்திலிருந்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்! அதுவும் சர்க்கார் சும்மா கொடுத்தது. இதைப் போய்க் கர்த்தருக்கா?

அரிசியைத் திரும்ப உலையிலேயே போட்டுவிட்டேன். கல்யாணமானதிலிருந்து முதல் தடவை. யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் பிஎஃப் பணத்துக்காகப் பிரவுசிங் சென்டர் போனோம். கம்பெனி விலகிய தேதியைப் பதியவே இல்லை. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனால் நாமே பதியலாமாம், பதிந்தோம். படிவம் 19 போயிற்று. பென்ஷன் பணமும் கைக்கு வரும் என்று நினைத்திருந்தாங்க. பத்து வருஷத்துக்குமேல் வேலை பார்த்தவருக்கு அதை எடுக்க முடியாது, சான்றிதழ்தான், 58 வயதில்தான் முழுப் பென்ஷன். இப்போது 41. வரும்போது இரண்டு பேரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

பிஎஃப் வந்துவிட்டது, 2,08,000 சொச்சம். வீட்டில் சண்டையும் வந்துவிட்டது. பணம் இல்லாத மூன்று மாதமும் சண்டையே இல்லை.

அவங்களுக்கு அதில் பாதியைக் கடையில் போட்டுப் புதிய வைண்டிங் மெஷின் வாங்க ஆசை. "அன்னன்னைக்கு மன்னா. மீத்து வச்சாப் புழுதான் வைக்கும்" என்றாங்க, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த அப்பத்தைச் சொல்லி. பள்ளிக்கூடம், வாடகை, பெரியவளுக்கு அடிக்கடி வரும் வீசிங், எல்லாவற்றையும் நினைத்து நான், எகிப்தில் பஞ்சத்துக்கு முன்னாலேயே தானியம் சேர்த்துவைத்த யோசேப்பை இழுத்தேன். அவர் ஏழு வருஷமும் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்க்கவில்லையா? தவிர, மன்னாவே ஆறாம் நாள் இரட்டிப்பாக விழுந்தது, மீத்து வைத்தார்கள், புழு வைக்கவில்லை. இதற்கு அவங்களிடம் பதிலில்லை. பதிலில்லாததால் கோபம்.

கடைசியில் 40,000 கடைக்கு, மற்றது தபால் ஆபீஸில். தசமபாகம், அதாவது அந்தப் பத்தில் ஒரு பங்கு, பற்றிச் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டாங்க. சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு நாங்கள் தசமபாகம் கொடுக்கவே இல்லை, கைக்கு வந்ததில்தான் கணக்குப் பார்த்தோம். "அத நான் சொல்ல மாட்டேன், வீட்ல பேசிக்கிடுங்க" என்றாராம் ஐயர். பேசி முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

சிலிண்டர் 200 ரூபாய் குறைந்திருக்கிறது. டின் அப்படியே, ஆகஸ்ட் 8-ல் இருந்த மட்டத்திலேயே.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியத்தில் கைப்பிடி அரிசி கொட்டும் நாள். எப்போதும் டின்னைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பேசிக்கொண்டிருப்பேன். இன்று முக்கால் டின்தான் என்பதால், யாரும் கவனிக்காதபடி நானே போய்க் கொட்டினேன். அப்போதுதான் தாம்பாளத்தின் உள்ளே பார்த்தேன். இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை.

என்னுடைய பொன்னி மேலாக விழுந்து கிடந்தது. அதற்குக் கீழே எல்லாம் தடித்த அரிசி. அங்கங்கே வெள்ளை வெளேரென்று அந்த ஒற்றை அரிசிகள். எனக்கு முன்னால் டின்னைக் கவிழ்த்தது முறுக்கு சுட்டு விற்கிற ஆச்சி. காலி டின்னின் அடியை இரண்டு தட்டுத் தட்டி, ஒட்டியிருந்ததையும் விழவைத்துவிட்டுப் போனார்கள்.

சேர்ந்த அரிசியைச் சபையிலேயே குறைந்த விலைக்குக் கொடுத்து, பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவார்கள். செயலாளர் அக்கா "ஒனக்கு வேணுமாளா?" என்றாள். இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. ஐந்து கிலோ வாங்கினேன்.

மத்தியானம் அத்தை அதை முறத்தில் போட்டு வெள்ளை அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். "விடுங்க அத்தை, கெடக்கட்டும்" என்றேன். உலையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டேன். கோயில்ல இருந்து வந்தத திரும்பக் கோயிலுக்கா என்று அத்தைக்குச் சிரிப்பு.

பணிக்கொடை பற்றித் தகவல் இல்லை. ஒப்புகை அட்டை மட்டும் எப்போதோ திரும்பி வந்துவிட்டது, பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். நாளை ஒரு ஆழ்துளை மோட்டார் கட்ட வருகிறதாம். கையில் 3,140.