ஒன்பது சதவீத ஈரம்

ஐப்பசி பிறந்தாலே ஏலக்கூடத்துக்கு ஈரக் கொப்பரை வரத் தொடங்கிவிடும். அன்றே விற்பதா, காய வைத்துக் கொண்டுவருவதா என்று கேட்பவருக்கு, மாதிரி பார்க்கும் இடத்தில் நிற்பவன் என்ன பதில் சொல்வது என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை.

ஒரு நாள் ஒரு பெரியவர் கொண்டுவந்தது பத்து மூட்டை. மேலே இருந்த கொப்பரைக் கிண்ணம் கையில் டக்கென்று ஒடிந்தது. தரையில் கொட்டியதும் அடியிலிருந்து எடுத்தது ஒடியாமல் வளைந்தது. ஈரமானியை விளிம்பில் குத்தினால் ஏழு சதவீதம், தடித்த பக்கத்தில் பத்துக்கு மேல். பல கிண்ணங்களைப் பார்த்துச் சராசரி ஒன்பது என்று எழுதினேன்.

“ரெண்டு மூணு வெயில் காட்டிக் கொண்டாந்தீங்கன்னா மொத ரகத்துல போயிருமுங்க” என்றேன்.

“வெயிலு நம்ம கையிலயா இருக்குது தம்பி?” என்றார் பெரியவர்.

ஆனாலும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

நான் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. மத்திய அரசின் ஆதார விலைக் கொள்முதலுக்கு ஈரம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2023-ல் எண்ணெய் ஆட்டுகிற அரவைக் கொப்பரைக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். வெளிச்சந்தை அதைவிட வெகுவாகக் கீழே கிடந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் காய வைத்து வருவதுதான் லாபம், சந்தேகமே இல்லை.

ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் வியாபாரிகள் சீட்டில் எழுதிப் போடுகிற மறைமுக ஏலம் மட்டும் என்றால் கணக்கு வேறு. ஒன்பது சதவீத ஈரத்தில் 500 கிலோ இருந்தால், ஆறுக்கு இறங்கும்போது அது 484 கிலோதான். ஈரத்தோடு கிலோ 110 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த பிறகு எடை குறைந்ததை ஈடுகட்டவே 113 ரூபாய் 60 காசுக்கு மேல் போக வேண்டும். வண்டி வாடகையும் களத்துக் கூலியும் தனி. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் வரிசை நின்றது. வியாபாரிகள் குவியல்களைப் பார்த்து விலைச்சீட்டு எழுதுவதற்குள் எல்லா மாதிரியையும் முடித்தாக வேண்டும்.

கூடத்துக் கிடங்கில் சரக்கை ஈடாக வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கச் சொல்லலாமே என்பார்கள். காய்ந்த சரக்குக்கு அது நல்ல வழிதான். ஈரத்தோடு அடுக்கினால் மூட்டை நடுவே புழுங்கிப் பூசணம் பிடிக்கும், வண்டும் ஏறும். அந்தக் கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் நிறம் மங்கிக் காறல் அடிக்கும். பக்கத்து அடுக்கில் இருப்பவரின் சரக்கும் கெடும்.

இதற்குப் பயந்துதான் சிலர் கந்தகப் புகை போடுகிறார்கள். மேலே வெள்ளை வெளேரென்று இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். தின்னும் எண்ணெய்க்குப் போகிற பொருளில் அது கூடவே கூடாது. மழைக்காலத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது, அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறோமோ என்ற பயம் எனக்கு உண்டு.

அளந்ததைச் சொல்வதோடு நிறுத்திக்கொள், ஏலத்தில் போடுவதா திருப்பிக் கொண்டுபோவதா என்பது சரக்குக்காரர் பாடு என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். இரண்டாம் ரக விலைக்கு அன்றே விற்றிருந்தால் அந்தப் பெரியவர் கையில் காசாவது நின்றிருக்கும். ஆனால் வாய்மூடி இருந்து, நல்ல வெயில் நாளில் ஒருவர் கிலோவுக்குப் பத்து ரூபாய் இழந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என்னால் முடிவதில்லை.

இப்போது எடைக்கணக்கைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன்: இன்றைய ஈரத்தில் இத்தனை கிலோ, காய்ந்தால் இத்தனை, எந்த விலைக்கு மேல் போனால் கட்டும் என்று. பலர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அதுங் கெடக்குட்டும், நீங்க என்னங்க சொல்றீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். மேகம் இல்லையென்றால் காய வைக்கச் சொல்கிறேன். மேகம் இருந்தால் சொல்வதற்கு இன்னும் தயங்குகிறேன்.