குறி விழாத இடம்

மார்பகப் புற்றுநோயைத் தேடி எடுக்கும் எக்ஸ்ரேயான மேமோகிராம் படங்களைப் படிக்கத் தொடங்கி நான்காவது வருடத்தில்தான் என் மேசைக்குக் கணினி உதவி வந்தது. பொத்தானை அழுத்தினால் படத்தின் மேல் குறிகள் தோன்றும். முக்கோணம் என்றால் சுண்ணாம்புப் புள்ளிக் கூட்டம் (திசுவில் படிந்த கால்சியத் துகள்கள்), நட்சத்திரம் என்றால் கட்டி போன்ற நிழல். இரண்டு நாள் பயிற்சி போதும் என்றார்கள். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தில் நான் தடுமாறிய இடங்களைச் சொன்னால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

இந்தப் படத்தைப் படிப்பதில் என்ன கஷ்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்கு நான்கு படங்கள்: ஒவ்வொரு மார்பிலும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். புற்றுநோயும் வெள்ளைதான். மேமோகிராம் அறிக்கைக்கான பை-ராட்ஸ் என்ற பொது முறையில் மார்பகத் திசுவின் அடர்த்தியை ஏ முதல் டி வரை பிரிப்போம்; டி என்றால் மிக அடர்த்தி. டி வகைப் படத்தில் கட்டியைத் தேடுவது பஞ்சு மூட்டைக்குள் ஒரு பஞ்சு உருண்டையைத் தேடுகிற வேலை. இன்னொரு கஷ்டம், நோய் அரிதாக இருப்பது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் பரிசோதனைக்கு வரும் ஆயிரம் பேரில் சுமார் 5 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். காலையிலிருந்து மாலை வரை "ஒன்றுமில்லை" என்றே எழுதிக்கொண்டிருந்தால் கண்ணும் அதற்கே பழகிவிடும்.

முதல் மாதங்களில் குறிகளைப் பார்த்தாலே பயம். எங்கள் கருவி ஒருவருக்குச் சராசரியாக இரண்டு குறி போடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பேருக்கு இரண்டாயிரம் குறி, நோய் இருப்பதோ ஐந்து பேருக்கு. ரத்தக்குழாய்ச் சுவரில் ரயில் தண்டவாளம் போல ஓடும் சுண்ணாம்புக் கோட்டின் மேல் முக்கோணம். அவரை விதை போன்ற சாதாரண நிணநீர்க் கணுவின் மேல் நட்சத்திரம். தோல் மடிப்பின் மேலும் நட்சத்திரம். இவை தவறான எச்சரிக்கை என்று தெரிந்தாலும், "விட்டுவிட்டு நாளைக்கு ஏதாவது வந்தால்?" என்ற எண்ணத்தில் பலரைக் கூடுதல் படத்துக்குத் திரும்ப அழைத்தேன். அப்படி அழைக்கப்படும் ஒரு பெண் மறுபடி படம் எடுத்து முடிவு வரும் வரை எப்படித் தூங்குவார் என்பதை நாங்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2007-ல் வந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 43 மையங்களை வைத்துச் செய்தது. கணினி உதவி வந்த இடங்களில் பயாப்சி (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடியிருந்தது. புற்றுநோய் கண்டுபிடிப்பு அதற்கு ஈடாகக் கூடவில்லை. என் மேசையிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. சரி என்று குறிகளை வேகமாகத் தள்ளப் பழகினேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒருநாள் இடது மார்பின் மேற்புறத்தில் திசு இழைகள் ஒரு புள்ளியை நோக்கி இழுபட்டது போல எனக்குத் தெரிந்தது. கட்டி எதுவும் இல்லை. துணியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சுற்றிலும் சுருக்கம் விழுமே, அப்படி. பொத்தானை அழுத்தினேன். அந்த இடத்தில் எந்தக் குறியும் இல்லை. "அப்படியானால் ஒன்றுமில்லை போல" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். எங்களிடம் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் படிக்கும் வழக்கம் உண்டு. மறுநாள் மூத்தவர் கூப்பிட்டார். "இங்கே கொஞ்சம் உட்காருங்கள். இதைப் பார்த்தீர்களா?" பார்த்தேன் என்றேன். "பார்த்துமா விட்டீர்கள்?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. என் கைதான் நடுங்கியது. பயாப்சியில் புற்றுநோய் உறுதியானது. ஒரு நாளில் பிடிபட்டதால் அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை தாமதமாகவில்லை.

இழை இழுபடுவதைப் பிடிப்பதில் பழைய கருவிகள் பலவீனமானவை என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஹெரால்ட் குண்டலும் கால்வின் நோடினும் 1970-களிலேயே எங்களைப் போல எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர்களான ரேடியாலஜிஸ்ட்களின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்து, தவறவிடுவதை மூன்றாகப் பிரித்தார்கள்: கண்ணே படாமல் போவது, கண் பட்டும் அடையாளம் தெரியாமல் போவது, அடையாளம் தெரிந்தும் தவறாக முடிவெடுப்பது. நான் செய்தது மூன்றாவது. குறி இல்லை என்பதை, நோய் இல்லை என்று கருவி சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். நான்கு படங்களையும் முழுதாகப் படித்து, சந்தேகங்களை எழுதி முடித்த பிறகுதான் பொத்தான். எழுதியதை, குறி விழவில்லை என்ற காரணத்துக்காக அழிக்கக் கூடாது. குறி எதையாவது சேர்க்கலாம், எதையும் நீக்க முடியாது. கருவியோடு வந்த வழிகாட்டியிலும் இதுதான் இருந்தது. நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு படத்துக்கு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. பழகப் பழகக் குறைந்தது.

இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகுதான் கருவியின் அருமையும் புரிந்தது. ஒருவருக்கு வலது மார்பில் தெளிவான கட்டி. அளந்தேன், எழுதினேன், மனம் நிறைந்துவிட்டது. ஒன்று கிடைத்ததும் தேடல் தளர்ந்துவிடும். எங்கள் துறையில் இது நன்றாகத் தெரிந்த பலவீனம். பொத்தானை அழுத்தியதும் இடது பக்கத்தில் ஒரு முக்கோணம். பெரிதாக்கினால் ஒரு சென்டிமீட்டர் இடத்துக்குள் ஏழு புள்ளிகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒன்றுகூட உருண்டையாக இல்லை. உடைந்த கண்ணாடித் துகள் போல. அந்த இடத்தின் மேல் என் கண் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. பயாப்சியில் அதுவும் ஆரம்பநிலைப் புற்றுநோய் என்று வந்தது.

இப்போது குறிக்குப் பதிலாக, படம் எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று மதிப்பெண் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இவை உண்மையிலேயே மேம்பட்டவை. ஸ்வீடனில் சுமார் 80,000 பெண்களை வைத்து நடந்த மசாய் ஆய்வின் முதல் முடிவு 2023-ல் வந்தது: படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிப்பு குறையவில்லை. அதே ஆண்டு ரேடியாலஜி இதழில் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 27 ரேடியாலஜிஸ்ட்களுக்கு வேண்டுமென்றே சில தவறான கணினி முடிவுகளைக் காட்டினார்கள். கணினி சரியாகச் சொன்ன படங்களில் மிகுந்த அனுபவசாலிகள் 82 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அது தவறாகச் சொன்ன படங்களில் சுமார் 45 சதவீதம்தான். அனுபவம் குறைந்தவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள்.

"கம்ப்யூட்டரே பார்த்துவிட்டதா டாக்டர்?" என்று கேட்கும் பெண்களிடம், முதலில் நான் பார்த்தேன், பிறகு அது பார்த்தது என்று சொல்கிறேன். மதிப்பெண் பெட்டியைத் திரையில் மூடியே வைத்திருக்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் அதைத் திறந்து காட்டுவதில்லை. அந்த இழை இழுபட்ட படத்தை, அடையாள விவரங்களை நீக்கிவிட்டு, முதல் நாளே கொடுத்து எழுதச் சொல்கிறேன்.