கரிசல் காட்டில் கடைக்கால் போட்ட கதை

சித்திரை மாதம் எங்கள் பழைய வீட்டு மேற்குச் சுவர் விரிசலில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்து நுழைக்கலாம். ஐப்பசி மழை பெய்து முடிந்தால் அதே இடத்தில் ஒன்றுகூட நுழையாது. அம்மா பல வருடமாக அந்தச் சுவரை இப்படித்தான் அளந்து வந்தார். பூசுவோம், வெள்ளையடிப்போம். அடுத்த கோடையில் அதே ஜன்னல் மூலையிலிருந்து மறுபடி சாய்வாகக் கிளம்பிவிடும்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளாவில் கரிசல் மண் என்றால் எங்கள் சித்தூர் தாலுகாவைத்தான் சொல்வார்கள். காய்ந்தால் கை நுழைகிற அளவு வெடிக்கும், நனைந்தால் உப்பும். கடலைக்கும் பருத்திக்கும் அருமையான மண்தான். ஆனால் பழைய வீட்டுக்கு 3 அடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி, கருங்கல் கட்டி, அதன்மேல் சுவரை ஏற்றியிருந்தார்கள். மண் எதுவரை அசைகிறதோ அதற்குள்ளேயே கடைக்கால் உட்கார்ந்திருந்தது.

அம்மாவுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறையோடு புது வீடு கட்டலாம் என்றதும், ஊரில் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: சுவரை ஒன்றரைச் செங்கல் தடிமனில், ஒன்றரைக் கல்லாகக் கட்டு. தங்கச்சி மாப்பிள்ளை கட்டட இன்ஜினியர். அவர் கேட்டதும் சிரிக்கவில்லை, பொறுமையாகவே சொன்னார். "மச்சான், மண்ணு உப்பும்போது தூக்குற பலத்துக்கு ஒத்தை மாடி வீட்டோட கனம் போதாது. சுவரைத் தடியாக்குனா விரிசலும் தடியாத்தான் வரும். அசையுற மண்ணைத் தாண்டிக் கீழே போயிடணும்."

முதலில் மண் பரிசோதனை. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மண்ணைக் காயவைத்துச் சலித்து, 10 கிராம் ஒரு கண்ணாடி உருளையில் தண்ணீரோடு, இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயோடு. மண்ணெண்ணெயில் இந்தக் களி உப்பாது, அதுதான் ஒப்பிட அளவு. மறுநாள் போய்ப் பார்த்தால் மண்ணெண்ணெயில் 12 மில்லி, தண்ணீரில் 23. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைப் பார்த்த பிறகு ஒன்றரைக் கல் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

முடிவானது அண்டர் ரீம்டு பைல், அதாவது குழி தோண்டி வார்க்கிற, அடியில் அகன்ற கான்கிரீட் தூண். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் கரிசல் மண்ணுக்கென்றே உருவாக்கிய முறை. எங்களுக்கு 14 குழி, ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம். கரிசல் மண்ணில் 3.5 மீட்டராவது போகவேண்டும் என்பது கணக்கு. அடியில் மட்டும் குழி பானை வயிறு மாதிரி 75 சென்டிமீட்டருக்கு விரியும், அதாவது இரண்டரை மடங்கு. மேலே மண் தூக்கினாலும் அந்த வயிறு கீழே பிடித்துக்கொள்ளும்.

பஞ்சாயத்து பெர்மிட் வந்ததும் பங்குனியில் ஆரம்பித்தோம். இடவப்பாதி மழைக்குள், அதாவது தென்மேற்குப் பருவமழைக்குள், தரைக்கு மேலே வந்துவிட வேண்டும். முக்காலி நட்டு, நாலு பேர் சுற்றி நடந்து ஆகரை, அதாவது மண் துளைக்கும் கருவியை, திருகினார்கள். மேலே கறுப்பு, அப்புறம் பழுப்பு, கடைசியில் வெள்ளைச் சுக்கான் கல் கலந்த மண் வந்தது. பிறகு வயிறு வெட்டும் கருவியை இறக்கினார்கள். கீழே தட்டியதும் அதன் இரண்டு கத்திகளும் குடைபோல் விரியும். சுற்றச் சுற்ற வெட்டின மண் வாளியில் விழும். தூக்கும்போது கத்தி மடங்கிக்கொள்ளும். கருவியின் கம்பியில் போட்ட சுண்ணாம்புக் குறி எந்த மட்டத்துக்கு இறங்கினால் வயிறு முழுசாகிவிட்டது என்று தெரியும். ஒவ்வொரு குழிக்கும் அந்தக் குறியை நானே பார்த்தேன்.

மூன்றாவது குழியில் தப்பு நடந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது, கான்கிரீட்டைக் காலையில் போடலாம் என்று பைல்காரர்கள் சொன்னார்கள், நானும் சரி என்றேன். இரவு கோடை மழை. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் வயிற்றின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மறுபடி இறக்கிச் சுத்தம் செய்ய அரை நாள் போனது. அதன்பிறகு அன்றைக்குத் தோண்டின குழிக்கு அன்றைக்கே கம்பி இறக்கி, அன்றைக்கே கான்கிரீட்.

பைல்களின் தலைகளை இணைத்து பீம். சுவர் முழுக்க அதன்மேல்தான் நிற்கும். இங்கேதான் மேஸ்திரியோடு எனக்கு இரண்டு நாள் இழுபறி. பீமுக்கு அடியில் 8 சென்டிமீட்டர் காலி இடம் விடச் சொல்லியிருந்தார் மாப்பிள்ளை. மேஸ்திரி நல்ல வேலைக்காரர், முப்பது வருட அனுபவம். "ஏனுங்க தம்பி, அடியில பொக்கையா உட்டா பாம்பு பூச்சி அடையுங்க. கல்லு வெச்சு அடைச்சுரலாமுங்க" என்றார். பாம்பு பயம் நியாயம்தான். ஆனால் அந்த இடைவெளியை அடைத்தால், உப்புகிற மண் நேராக பீமைத் தூக்கும். 14 பைல் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். மாப்பிள்ளையே வந்து, வெளிப்பக்க பீமுக்கு மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி ஓர் உதடு வார்த்துப் பூச்சி வழியை மூடினார். மேஸ்திரி திருப்தியாகிவிட்டார்.

தரைக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். தரை பைல் மேல் நிற்பதில்லை. அறைக்குள் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, செம்மண் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்தோம். வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு சிமெண்ட் தளம், வெளிப்பக்கமாகச் சரிவு. குளியலறைத் தண்ணீர் குழாய் வழியாகத் தள்ளிப் போகிறது.

புது வீட்டில் இரண்டு கோடை கழிந்துவிட்டது, சுவரில் கீறல் இல்லை. பழைய வீட்டை இடிக்க அம்மாவுக்கு மனசில்லை. அதற்கும் சுற்றிலும் தளம் போட்டு, சுவரோரம் இருந்த துணி துவைக்கிற கல்லைத் தூரமாக மாற்றினோம். இந்தச் சித்திரையில் அம்மா நாணயங்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுதான் நுழைகிறது என்றார்.