இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம்: ஒன்று பிரிந்தது, ஒன்று அடம்பிடிக்கிறது

பழைய விசிடி கோப்புகளில் இரட்டை மொழி என்றால் பெரும்பாலும் தனித்தனி ட்ராக் இருக்காது. ஒரே ஸ்டீரியோவில் இடது சானல் ஒரு மொழி, வலது சானல் இன்னொன்று. பல ட்ராக்குகளைத் தனித்தனியாக வைக்கும் எம்கேவி கோப்பாக இருந்தால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற கருவியில் வேண்டாத மொழியின் டிக்கை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

என்னிடம் இப்படி இரண்டு கோப்புகள், இரண்டிலும் தமிழை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். முதல் கோப்பு சொன்னபடி கேட்டது. கட்டளை கொடுத்து ஒலி, வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் பேன் ஃபில்டர் (சானல்களைப் பிரிக்க, கலக்க உதவுவது) போட்டு இடது சானலை மட்டும் மோனோவாக எடுத்தேன். வீடியோவை அப்படியே காப்பி. சுத்தமான தமிழ். இரண்டாவதுதான் உயிரை வாங்குகிறது. அதே கட்டளைதான். ஆனால் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வரும் இடங்களில், தமிழுக்குப் பின்னால் ஆங்கிலக்காரரின் 'ஸ்', 'ஷ்' மட்டும் சீறுகிறது. டப்பிங் ஆயிற்றே, முக்கால்வாசி நேரம் இருவரும் சேர்ந்துதான் பேசுவார்கள்.

கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. இரண்டுமே எம்பெக்-1 லேயர் 2 (விசிடியின் ஒலிச் சுருக்க முறை), 44.1 கிலோஹெர்ட்ஸ், 224 கிலோபிட். முதலாவது டூயல் சானல் (இரண்டு சானலும் தனித்தனி), இரண்டாவது ஜாயின்ட் ஸ்டீரியோ (இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஓரளவு சேர்த்துச் சுருக்குவது). இரண்டு மொழியை ஜாயின்ட் ஸ்டீரியோவில் அடைத்த புண்ணியவான் யாரோ! லேயர் 2 ஒலியை 32 அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது, ஒவ்வொன்றும் சுமார் 689 ஹெர்ட்ஸ். ஜாயின்டில் ஒரு எல்லைக்கு மேலுள்ள பட்டைகளில் இரண்டு சானலுக்கும் ஒரே சாம்பிள்கள்தான். அளவு மட்டும் தனித்தனி. என் கோப்பில் எல்லை எட்டுப் பட்டை, அதாவது 5.5 கிலோஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண் படம்) பார்த்தால் அதற்குக் கீழே இரண்டும் வேறு வேறு படம், மேலே அச்சு அசல் ஒரே கோலம். கலந்தது என்கோடரிலேயே, அதாவது சுருக்கும்போதே. பேன் ஃபில்டர் என்ன செய்யும், பாவம்.

நாய்ஸ் கேட் (சத்தம் குறைவான இடங்களை அடக்கிவிடுவது) உதவாது, தமிழ் ஒலிக்கும்போது அது திறந்துதானே இருக்கும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் பொதுவான பின்னணி இசை போய், இரண்டு குரலும் மிஞ்சுகிறது. நேர் எதிர் பலன். 5.5 கிலோஹெர்ட்ஸில் லோ பாஸ் (அதற்கு மேலுள்ளதை வெட்டும் ஃபில்டர்) போட்டால் சீறல் ஒழிகிறது, ஆனால் தமிழ்க் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. இப்போதைக்கு 7 கிலோஹெர்ட்ஸில் மெதுவான சரிவு வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரில் சமாளிக்கலாம், ஹெட்போனில் முடியாது.

டீமக்ஸ் என்ற ஒலி பிரிக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை. அது பாட்டையும் வாத்தியத்தையும்தான் பிரிக்கும், இரண்டு பேச்சை அல்ல. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அதற்கு முன் முதல் கோப்பின் இரண்டு சானலையும் தனித்தனி ட்ராக்காக எம்கேவியில் போட்டு, மொழிக் குறி சேர்த்து, தமிழை டிஃபால்ட் ஆக்க வேண்டும்.